வாசல் தாண்டும் வரை

நீங்கள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் பின்கால் ஒன்று ஆடுகிறது, மேடம். ரொம்பச் சாய வேண்டாம். ஒரு காகிதத்தை நாலாக மடித்து அடியில் செருகினால் நின்றுவிடும். தப்பாக நினைக்காதீர்கள், எந்த அறைக்குள் போனாலும் என் கண் முதலில் போவது கால்களுக்கும் சக்கரங்களுக்கும்தான். என் தங்கை இதை வைத்தே என்னைக் கேலி செய்வாள். "உனக்கு மாப்பிள்ளை பாக்கறப்போ மூஞ்சிய பாக்காதக்கா, சக்கரம் ஒழுங்கா சுத்துதான்னு பாரு" என்பாள். பார்த்தேன். ஒன்றும் நேராக ஓடுகிற மாதிரி தெரியவில்லை. அப்படியே இருந்துவிட்டேன்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். ஒளிப்பதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. முன்பு வந்த உங்கள் ஸ்டேஷன் ஆள், குழந்தைக்கு மருந்து புகட்டுகிறவர் மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். அதெல்லாம் வேண்டாம். நான் அழப் போவதில்லை. நீங்கள் எழுதுகிற வேகத்துக்கு நிறுத்தி நிறுத்தியே சொல்கிறேன்.

என் வேலை என்னவென்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருப்பவரை ஸ்கேனுக்கோ ஆபரேஷனுக்கோ ஆஸ்பத்திரிக்குள்ளேயே வேறோர் இடத்துக்குக் கொண்டுபோய், உயிரோடு திரும்பக் கொண்டுவருவது. நான் நர்ஸ்தான். ஆனால் அந்தக் குழுவுக்குத் தலைமை நான். கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரி இருக்கும். "தள்ளிட்டுப் போறதுதானே சிஸ்டர்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னவர்கள் உண்டு.

படுக்கையில் இருக்கும்வரை நோயாளிக்கு எல்லாம் சுவரிலிருந்து வருகிறது. ஆக்சிஜன் சுவரிலிருந்து, மின்சாரம் சுவரிலிருந்து. சுவர் தீராது. வாசலைத் தாண்டியதும் எல்லாமே தீரக்கூடிய சரக்கு. சிலிண்டரில் இருக்கும் அளவுதான் மூச்சு, பேட்டரியில் இருக்கும் அளவுதான் மருந்து. நடைபாதையில் யாரோ விட்டுப்போன வாளி, ஆளை இடிக்கிற லிஃப்ட் கதவு, கதவடியில் அரை விரல் உயரத்துக்கு ஒரு மேடு. அதில் சக்கரம் தட்டினால் தொண்டைக்குள் இருக்கும் குழாய் நகரும். நகர்ந்தால் அங்கே எடுத்துக்கொடுக்க அலமாரியும் இல்லை, ஓடிவர ஆளும் இல்லை. நடைபாதையில் நிற்கிறவர்கள் செல்போனை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

அதனால் நான் ஒரு பழக்கம் ஏற்படுத்தினேன். புறப்படுமுன் கட்டில் வாசலில் நிற்க வேண்டும். கூட வருகிற ஒவ்வொருவரும் தன் பொறுப்பில் இருப்பதன் மேல் கையை வைத்து, வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "குழாய், என் கையில." "மருந்து பம்ப், என் கையில." "ஆக்சிஜன், என் கையில." கட்டிலைத் தள்ளுகிற அட்டெண்டரும் சொல்ல வேண்டும், "சக்கரம், என் கால்ல" என்று. எல்லாரும் சொல்லி முடித்த பிறகு நான் "போகலாம்" என்பேன். நான் சொல்லாமல் ஒரு சக்கரம் அசையாது. ஆரம்பத்தில் சிரித்தார்கள். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுக்கிற மாதிரி இருக்கிறது என்றார்கள். எனக்குப் பின்னால் 'போகலாம்' என்றே பட்டப்பெயரும் வைத்தார்கள். கேண்டீனில் நான் எழுந்தால் யாராவது ஒருவன் "போகலாம் போகுது பார்" என்பான். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது.

நான் தலைமைக்கு வந்த பிறகு வழியில் ஒருவர்கூட இறந்ததில்லை. இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். கட்டிலில் இறந்தவர்கள் உண்டு, போன இடத்தில் ஆபரேஷன் மேஜையில் இறந்தவர்கள் உண்டு. அது அவரவர் பாடு. ஒரு வாசலைத் தாண்டி இன்னொரு வாசலுக்குள் நுழையும்வரை அந்த உயிர் என்னுடையது. அந்த இடைவெளியில் நான் யாரையும் விட்டதில்லை. இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் தெரிகிறது என்றால், இருக்கட்டும். சம்பாதித்த தலைக்கனம்தான்.

அப்புறம் புது சூப்பரின்டெண்டென்ட் வந்தார்.

கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். மரியாதையாகத்தான் பேசுவார். எதிரில் இருப்பவர் பேசும்போது தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார், முடிவை மட்டும் முன்பே எடுத்து வைத்திருப்பார். ஒரு நாள் அறைக்குக் கூப்பிட்டு டீ வரவழைத்துக் கொடுத்தார். டீ வந்ததுமே எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இந்த ஆஸ்பத்திரியில் சும்மா யாரும் டீ கொடுக்க மாட்டார்கள்.

"உங்க குழுவப் பத்தி எல்லாரும் நல்லாத்தான் சொல்றாங்க சிஸ்டர்" என்றார். "ஆனா பாருங்க, இத்தனை வருஷத்துல வழியில ஒண்ணுமே நடக்கல. ஒண்ணுமே நடக்காத இடத்துக்கு எதுக்குத் தனியா ஒரு குழு? வார்டுல இருக்கற நர்ஸும் டாக்டருமே கூட்டிட்டுப் போகட்டுமே."

"நாங்க இருக்கறதாலதான் சார் ஒண்ணும் நடக்கல" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அதைத்தான் நானும் பாக்கணும்கறேன். கொஞ்ச நாள் நீங்க இல்லாம செஞ்சு பாப்போம். நீங்க வாசல்ல நின்னு சரிபார்த்து அனுப்பிடுங்க, போதும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒழுங்காகச் சமைக்கிற வீட்டில் யாருக்கும் வயிறு வலிக்கவில்லை, அதனால் சமையல்காரிக்கு வேலை இல்லை என்று சொன்னால் எப்படி இருக்கும்? டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன். நன்றாக இருந்திருக்கும், ஏலக்காய் வாசனை வந்தது. அன்று முழுக்க ஆத்திரம் அடங்கவில்லை.

ஆத்திரத்தில் எதுவும் செய்யவில்லை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். நிதானமாக யோசித்தேன். அவருக்குத் தேவை ஒரு சம்பவம். சம்பவம் நடந்தால்தான் அவர் கண்ணைத் திறப்பார். அது தானாக நடக்கும், நிச்சயம் நடக்கும், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தானாக நடப்பது எப்போது, யாருக்கு, எவ்வளவு மோசமாக நடக்கும் என்று யார் சொல்வது? யாரும் பக்கத்தில் இல்லாத நேரத்தில் நடந்தால்? அதைவிட, எனக்குத் தெரிந்து, என் கண் முன்னால், நான் சரிசெய்யக்கூடிய அளவுக்கு ஒன்று நடப்பது மேல் இல்லையா? நீங்களே சொல்லுங்கள். சரி, சொல்ல வேண்டாம்.

முதலில் சின்னதாகத்தான் ஆரம்பித்தேன். இதய பலவீனத்தில் படுத்திருந்த ஒரு பெரியம்மா. ரத்த அழுத்தம் விழாமல் இருக்க ஒரு மருந்து சொட்டுச் சொட்டாகப் போய்க்கொண்டே இருக்க வேண்டும், அதைத் தள்ளுகிற சின்ன பம்ப் ஒன்று உண்டு. அது சார்ஜ் ஏறாதபடி பிளக்கைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தேன். பார்க்கிறவர்களுக்குச் செருகியிருப்பது போலவே தெரியும். வாசலில் வார்டு நர்ஸ் பம்ப் மேல் கையை வைத்து "என் கையில" என்றாள். நான் "போகலாம்" என்றேன். நடைபாதை முடிகிற இடத்தில் பம்ப் கீச் கீச் என்று கத்தி நின்றது. நான் தற்செயலாகப் போகிறவள் மாதிரி பின்னாலேயே போய் வேறு பம்ப் மாற்றிக் கொடுத்தேன். பெரியம்மாவுக்கு முகம் வெளுத்துப்போயிருந்தது, சரியாகிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு "நல்லா இருப்பே தாயி" என்றாள்.

நன்றாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். உச்சி குளிர்ந்துபோய்த்தான் திரும்பினேன்.

அதற்குப் பிறகும் ஓரிரண்டு. அவற்றையும் கேட்பீர்கள், தனியாகச் சொல்கிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வேதனை என்னவென்றால் சூப்பரின்டெண்டென்ட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை. போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, "பாத்தீங்களா, சமாளிச்சிட்டாங்கல்ல?" என்றார். சமாளித்தது யார் என்று அவர் கேட்கவே இல்லை. அவர் பார்க்காதது எதுவும் அவரைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. சரி, அப்படியானால் அவர் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தையல்காரர் எங்கள் பிரிவில் இருந்தார்.

வயிற்றில் ஆபரேஷன் ஆகி, நெஞ்சில் சளி கட்டி, வென்டிலேட்டர் போட்டிருந்தார்கள். தொண்டையில் குழாய் இருந்ததால் பேச்சு இல்லை. ஆனால் கண்ணும் கையும் சும்மா இருக்காது. யார் பக்கத்தில் வந்தாலும் மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்ப்பார், அளவெடுக்கிற பார்வை. டாக்டர்கள் அவர் நெஞ்சைப் பார்ப்பார்கள், அவர் டாக்டர்களின் சட்டைக் காலரைப் பார்த்து முகம் சுளிப்பார். அவருக்கு ஒரே மகள். மனைவி இல்லை. மகளும் அவர் கடையிலேயே மிஷினில் உட்காருகிறவள். பார்வை நேரத்துக்கு முந்தியே வந்து கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருப்பாள்.

ஒரு நாள் அவர் என்னைப் பார்த்துத் தன் தோளைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். வலிக்கிறதா என்றேன். இல்லை என்று தலையை அசைத்துவிட்டு என் தோளைக் காட்டினார். மகள்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "அக்கா, உங்க கோட்டுல தோள் தையல் இறங்கி நிக்குதாம். அப்பாவால பாக்க முடியலையாம். கழட்டிக் குடுங்க, நான் வீட்ல வெச்சுத் தெச்சுட்டு வரேன்."

மறுநாளே தைத்து, தேய்த்து, கொண்டுவந்தாள். போட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். இத்தனை வருஷமாக அந்தக் கோட்டைப் போடுகிறேன், தோள் உறுத்துகிறது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. இதோ, இப்போது போட்டிருப்பதும் அதுதான். எவ்வளவு பாந்தமாக உட்கார்ந்திருக்கிறது பாருங்கள்.

ஏன் அவரைத் தேர்ந்தெடுத்தாய் என்று கேட்டீர்கள். உங்கள் கேள்வியிலேயே ஒரு குத்தல் இருந்தது. அன்பாக இருந்தவரையா என்கிறீர்கள். அவர் தேறிக்கொண்டிருந்தார், மேடம். அதுதான் காரணம். ஸ்கேனில் நெஞ்சில் சீழ் இல்லை என்று தெரிந்துவிட்டால் குழாயை எடுத்துவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அங்கே படுத்திருந்தவர்களில் கொஞ்ச நேரம் மூச்சு முட்டினாலும் தாங்கக்கூடியவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் தாங்க மாட்டார்கள். தாங்காத ஒருவரை நான் தேர்ந்தெடுத்திருந்தால் நீங்கள் என்னைக் கொலைகாரி என்று சொல்லலாம். நான் பார்த்துப் பார்த்துத்தான் தேர்ந்தெடுத்தேன்.

ஸ்கேன் அறை கீழ்த்தளத்தில். லிஃப்டில் இறங்கி, நடைபாதை வழியே போக வேண்டும். அன்று மதியம் அவரைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. சூப்பரின்டெண்டென்ட்டிடம் போய், "சார், நீங்களே ஒரு தடவை கீழ நின்னு பாருங்களேன், வார்டுக்காரங்க எவ்வளவு அழகா கொண்டுவராங்கன்னு" என்றேன். அவருக்குச் சந்தோஷம். நான் வழிக்கு வந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். சரியாக வந்துவிடுவதாகச் சொன்னார்.

வார்டு நர்ஸ் போன் எடுக்கப் போன நேரத்தில், கட்டிலுக்கு அடியில் இருந்த சிலிண்டரை எடுத்துவிட்டு, காலையில் வேறொருவருக்குப் பயன்படுத்தி முடித்திருந்த சிலிண்டரை வைத்தேன். அதில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. லிஃப்ட் வரை வரும், கீழே இறங்கும்போது தீரும். இந்தக் கணக்கு எனக்குக் கை வந்த கணக்கு. நிரம்பிய சிலிண்டர் ஒன்றைக் கீழ்த்தளத்தில், லிஃப்டுக்குப் பக்கத்தில் துணிகள் வைக்கிற அறைக் கதவுக்குப் பின்னால் முன்பே கொண்டுபோய் வைத்திருந்தேன். சிலிண்டரைத் திறக்கிற சாவி என் கோட்டுப் பையில். கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கிற ரப்பர் பையை நான் தொடவே இல்லை, அது கட்டில் தலைமாட்டில் எப்போதும் போல் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வேண்டுமென்றே விட்டுவைத்தேன். அதை எடுத்து ஒருவர் அழுத்தியிருந்தால்கூடப் போதும். இதையும் எழுதுங்கள்.

கட்டில் வாசலில் வந்து நின்றது. சின்ன டாக்டர் குழாய் மேல் கை வைத்துச் சொன்னார். நர்ஸ் குனிந்து சிலிண்டர் மேல் கையை வைத்து, "ஆக்சிஜன், என் கையில" என்றாள். சிலிண்டரில் அளவு காட்டுகிற முள் இருக்கிறது. முள் சிவப்பில் நிற்கிறது. அவள் கைக்கும் முள்ளுக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி. அவள் பார்த்தது என் முகத்தை. எல்லாருமே அப்படித்தான், வாயால் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். இத்தனை வருஷத்தில் அந்தப் பழக்கம் அப்படித்தான் ஊறிவிட்டது. கையை வைக்கச் சொல்லிக் கொடுத்திருந்தேன், கண்ணை வைக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது தெரிந்துதான் செய்தேன். அவளும் பார்த்திருக்கலாம், பார்க்கவில்லை. அப்படியிருக்க, பழியை முழுக்க என் தலையில் மட்டும் கட்டுவது என்ன நியாயம்?

கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற மகள் கேட்டாள். "அக்கா, நீங்க கூட வரலையா?"

"இப்ப அவங்களே கூட்டிட்டுப் போறாங்கம்மா. நான் கீழ வந்துடறேன், பயப்படாத" என்றேன்.

தையல்காரர் தலையைத் திருப்பி என்னைப் பார்த்துக் கையை லேசாகத் தூக்கினார். நான் "போகலாம்" என்றேன்.

மகளை லிஃப்டில் ஏற்றவில்லை. சுற்றிக்கொண்டு பெரிய படிக்கட்டு வழியாக வரச் சொன்னார்கள். நான் குறுக்குப் படிக்கட்டில் இறங்கினேன். அவசரப்படவில்லை. துணி அறையிலிருந்து சிலிண்டரை அதன் தள்ளுவண்டியோடு வெளியே எடுத்து, லிஃப்ட் கதவுக்கு எதிரே நின்றேன். சூப்பரின்டெண்டென்ட் வந்திருந்தார், சொன்ன சொல் தவறாதவர். ஆனால் நடைபாதைத் திருப்பத்தில், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு செல்போனில் பேசிக்கொண்டிருந்தார். முதுகுதான் தெரிந்தது. யாரிடமோ "ஆமாங்க, ஆமாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் திறக்கும்போதே அலாரம் கேட்டது. உள்ளே அந்த வார்டு நர்ஸ் வென்டிலேட்டரின் திருகுகளை மாற்றி மாற்றித் திருகிக்கொண்டிருந்தாள். சின்ன டாக்டர் குழாய் அடைத்துக்கொண்டது என்று நினைத்துச் சளியை உறிஞ்சப் பார்த்துக்கொண்டிருந்தார். ரப்பர் பை தலைமாட்டில் ஆடிக்கொண்டிருந்தது. நான் சொன்னது அப்படியே நடந்திருந்தது, மேடம். நான் இல்லாமல் இவர்களால் முடியாது என்று சொன்னேனே, வரிக்கு வரி அதேதான்.

கட்டிலைத் தள்ளி வந்த அட்டெண்டரை எல்லாரும் 'எஞ்சின்' என்று கூப்பிடுவார்கள். எங்கள் குழுவில் இருந்தவன், அன்று அவனை வார்டுக்காரர்களோடு அனுப்பியிருந்தார்கள். அவன்தான் முதலில் கண்டுபிடித்தான். என்னைப் பார்த்ததும், "சிஸ்டர், ஆக்சிஜன் தீந்துபோச்சு, அதைக் குடுங்க" என்று கையை நீட்டினான்.

நான் "பொறு" என்றேன்.

அவன் உங்களிடம் அதைச் சொல்லியிருக்கிறான் என்று தெரியும். சொன்னேன், இல்லை என்று சொல்லவில்லை. சூப்பரின்டெண்டென்ட் இன்னும் திரும்பவில்லை. அலாரம் அவ்வளவு பெரிதாக அடிக்கிறது, மனிதர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு பேசுகிறார். ஓடிப்போய்க் கூப்பிடலாம், ஆனால் கூப்பிட்டால் அவர் வந்து பார்க்கும்போது நான் கூப்பிட்டுக் காட்டியதாக இருக்கும். அவராகத் திரும்ப வேண்டும். இதோ திரும்பிவிடுவார், இதோ திரும்பிவிடுவார் என்று நின்றேன். சாவி என் கையில் இருந்தது. தையல்காரர் கட்டில் விரிப்பைப் பிடித்துப் பிசைந்துகொண்டிருந்தார். உதடு நிறம் மாறியிருந்தது. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பார்த்ததும் அவர் கை விரிப்பை விட்டுவிட்டது. முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. நான் வந்துவிட்டேன், இனி ஒன்றும் ஆகாது என்று நினைத்தார். அப்படி ஒரு நம்பிக்கையை நீங்கள் யார் முகத்திலும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று கேட்காதீர்கள். சூப்பரின்டெண்டென்ட் திரும்பும்வரை நின்றேன்.

அவர் ஓடிவந்தார். என்ன, என்ன என்றார். அப்போது நான் எல்லாரையும் விலக்கி, வென்டிலேட்டர் குழாயைப் பிரித்து, ரப்பர் பையை மாட்டி, சிலிண்டரைத் திறந்து, அழுத்தினேன். ஒரு பதற்றம் இல்லை, ஒரு வீண் அசைவு இல்லை. அவர் நெஞ்சு ஏறி இறங்கியது. சூப்பரின்டெண்டென்ட்டின் முகத்தைப் பார்த்தேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக அந்த வேலையை நான் செய்ததில்லை.

ஆனால் இதயம் அதற்குள் தளர்ந்திருந்தது. மானிட்டரில் துடிப்பு விட்டுவிட்டு வந்தது, அப்புறம் கோடு நேரானது. சின்ன டாக்டர் கட்டில் மேல் ஏறி நெஞ்சை அழுத்தப் போனார். நான் அவர் தோளைப் பிடித்து இறக்கினேன். "இங்க வேணாம் டாக்டர். உள்ள போயிடலாம்" என்றேன். நடைபாதையில் கட்டில் ஆடும், ஜனங்கள் நிற்கிறார்கள், பக்கத்தில் எதுவும் இல்லை. ஸ்கேன் அறை அந்த நடைபாதையின் கடைசியில்தான் இருக்கிறது. என் குரலுக்கு அவர்கள் கட்டுப்பட்டுப் பழகியவர்கள். எஞ்சின் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தான். "தள்ளு" என்றேன், தள்ளினான். கதவடி மேட்டில் சக்கரம் தட்டாமல் நானே முன்பக்கத்தைத் தூக்கிக் கொடுத்தேன். உள்ளே போனதும் நெஞ்சை அழுத்த ஆரம்பித்தேன், நானேதான். கை ஓய்கிறவரை விடவில்லை. சின்ன டாக்டர்தான் என் கையைப் பிடித்து நிறுத்தினார். போதும் சிஸ்டர் என்று சொல்லிவிட்டுச் சுவரோடு போய் நின்று அழுதார். படித்த பிள்ளை, இன்னும் பழகவில்லை.

மகள் படிக்கட்டு வழியாக வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என் கோட்டைப் பிடித்துக்கொண்டாள், அவள் தைத்த தோளையே பிடித்துக்கொண்டாள். "அக்கா, நீங்க கூட வந்திருந்தா இப்படி ஆயிருக்காதுல்ல?" என்று கேட்டாள்.

"ஆயிருக்காதும்மா" என்றேன். அது பொய் இல்லை.

குழு திரும்ப வந்துவிட்டது. தெரியுமல்லவா? அந்த வாரமே உத்தரவு போட்டார்கள். என் குழுவே போதாது, இன்னொன்றும் வேண்டும் என்று சூப்பரின்டெண்டென்ட் தன் வாயால் சொன்னார். வேறு ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வந்து நாங்கள் வாசலில் நின்று சொல்வதைப் பார்த்துக் கற்றுக்கொண்டு போகிறார்கள். இப்போது முள்ளைப் படித்துச் சொல்ல வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன். இனி எத்தனை பேர் அந்த நடைபாதையில் உயிரோடு போய் உயிரோடு திரும்புவார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் ஒருவர் உங்கள் அம்மாவாக இருக்கலாம். அப்போது என்னைத் திட்டுவீர்களா?

எஞ்சின் மேல் எனக்குக் கோபம் இல்லை. "முன்னாடியே எப்படி சிஸ்டர் சிலிண்டரோட நின்னீங்க?" என்று முதலில் என்னிடமே வந்து கேட்டான். போய் வேலையைப் பார் என்றேன், அதனால் உங்களிடம் வந்தான். நான் பழக்கின பையன்தான். கவனித்திருக்கிறான். அந்த வார்டுப் பெண்ணும் அவனைப் போல் கவனித்திருந்தால் நாம் இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

வருத்தம் உண்டா என்று கேட்டீர்கள். உண்டு. அவரை எனக்குப் பிடித்திருந்தது. அவர் மகள் இப்போது தனியாக மிஷினில் உட்கார்ந்திருப்பாள். ஆனால் செய்திருக்கக் கூடாது என்று நான் சொல்வதற்காக நீங்கள் காத்திருந்தால், பாவம், உங்கள் நாற்காலிக் கால்தான் தேயும். சிலிண்டரை மாற்றினேன். முள் சிவப்பில் இருப்பது தெரிந்தே அனுப்பினேன். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மறுபடியும் அந்த அறையில் எனக்கு டீ கொடுத்து அதே வார்த்தையைச் சொன்னால் மறுபடியும் செய்வேன். எழுதிவிட்டீர்களா?

கொடுங்கள், படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன். எழுத்து நன்றாக இருக்கிறது உங்களுக்கு. ம். சரி. சரி. இதுவும் சரிதான். இந்த இடத்தில் 'பொறு' என்று சொன்னதையும் சேர்த்திருக்கிறீர்கள், நல்லது.

இது என்ன, மேடம்? 'நோயாளி லிஃப்டுக்கு எதிரே நடைபாதையில் இறந்தார்' என்று எழுதியிருக்கிறீர்கள்?

இதை மாற்றுங்கள். கடைசியில் நான் சொன்னது உங்கள் காதில் விழவில்லையா? நான் அவரை உள்ளே கொண்டுபோய்விட்டேன். நான்கு சக்கரமும் வாசலைத் தாண்டிய பிறகுதான் நெஞ்சில் கையையே வைத்தேன். எஞ்சினைக் கேளுங்கள், சின்ன டாக்டரைக் கேளுங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன், நீங்கள் எந்தப் பிரிவில் வேண்டுமானாலும் வழக்குப் போட்டுக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. இந்த ஒரு வரிக்கு மட்டும் போட மாட்டேன். அடித்துவிட்டு 'ஸ்கேன் அறைக்குள்' என்று எழுதுங்கள். என் கையில் வழியில் யாரும் இறந்ததில்லை.